செஞ்சிப் பக்கம் ஒரு குவைத் பாறை

திண்டிவனத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது கண்டக்டர் என் தோளைத் தட்டியது. "செஞ்சிக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க? ஆலம்பூண்டியே வந்துடுச்சு. எறங்குங்க, எறங்குங்க."

எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அண்ணாந்து பார்க்கிற கோட்டை. அதை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறேன். எதிர்ப்புறம் பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "தூங்கிக்கினே டெல்லிக்குக்கூட போலாம். திரும்பி வரத்தான் முழிச்சிக்கணும்" என்றார். செஞ்சி மண்ணில் எனக்குக் கிடைத்த முதல் சொலவடை அது. சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மீதியைக் கேபிள் டிவி கம்பங்களும் அரசாங்க விண்ணப்பங்களும் சொல்லிக்கொடுத்தன. கேபிள் போய் இண்டர்நெட் வந்தபோது, கிராமங்களுக்கு ஃபைபர் இழுக்க அரசு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். இரண்டு முறை தள்ளுபடி. மூன்றாம் முறை கிடைத்தது. அதிலிருந்து நம் மாநிலத்துச் சின்னச் சின்ன ஆபரேட்டர்கள் பலருக்கும் நான் மனு எழுதுகிற ஆளாகிவிட்டேன். விழுந்தவனிடம்தானே பள்ளம் எங்கே என்று கேட்பார்கள்.

அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருத்தி அமலா. செஞ்சி பஜாரில் அவளும் அவள் வீட்டுக்காரர் ஆரோக்கியமும் கேபிள் நடத்துகிறார்கள். ஒரு தடவை திருச்சியில் ஆபரேட்டர்கள் கூட்டத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கம். போன வருஷம் ஆரோக்கியம் கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இப்போது கம்பம் ஏறுவதும், வீடு வீடாகப் போவதும் அமலாதான். போனில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, மனு திரும்பி வந்துடுச்சு. மறுபரிசீலனைக்கு வெள்ளிக்கிழம சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்துக்கிறாங்க. நீங்க ஒருவாட்டி வந்து பாக்க முடியுமா?" அன்று ஞாயிறு.

எங்கள் ஊர்க்காரனுக்கு விழுப்புரம் தாண்டினால் வெளிநாடு. பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். இங்கே 'உட்காருங்க' என்று சொல்வதில்லை, 'குந்துங்க' என்கிறார்கள். அப்பாவை நைனா என்கிறார்கள். நான் ஊரிலிருந்து ஆசையாகக் கடலைமிட்டாய் ஒரு டப்பா வாங்கிப்போயிருந்தேன். அமலா வீட்டு வாசலில் காயப்போட்டிருந்ததைப் பார்த்ததும் டப்பாவை ஒளித்துவைக்கத் தோன்றியது. வாசல் நிறையக் கடலை. இவர்கள் பேச்சில் அது மல்லாட்டை. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவனாகிவிட்டேன். ஆரோக்கியம் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு துண்டு கடித்துப் பார்த்து, "எங்க மல்லாட்ட உங்க ஊருக்குப் போயி வெல்லம் பூசிக்கினு வந்துக்குது" என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் களியும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிட்டுக் கைகழுவியதும் மனுவை விரித்தோம். கோட்டை மலைகளுக்கு மேற்கே, குன்றுகளின் நடுவில் கிடக்கிற ஓர் ஊருக்கு ஃபைபர் கேட்டிருந்தாள். ஊர்ப் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும். ஆரோக்கியம் படுக்கையில் கிடந்தபடியே கையால் வரைந்த வரைபடம் இணைத்திருந்தது. எந்தப் புளியமரம், எந்தச் சிறுபாலம், எந்த வளைவில் கம்பம் என்று ஒன்றுவிடாமல் இருந்தது. அத்தனை அழகான படத்துக்கு மேல் ஒரே வரியில் திருப்பியிருந்தார்கள்: ஏற்கெனவே இணைய வசதி பெறும் பகுதி.

மானியம் வசதி இல்லாத ஊருக்குத்தான். வசதி இருக்கிறது என்று யார் சொன்னது? இணைப்பைப் புரட்டினேன். வீட்டுவாரிக் கணக்கெடுப்பு. 'உங்களுக்கு இணையம் கிடைக்கிறதா?' என்ற கேள்விக்கு வரிசையாக ஆம், ஆம், ஆம். இரண்டு வீட்டில் மட்டும் இல்லை. அந்த இரண்டும் பூட்டிக் கிடந்த வீடுகளாம்.

அமலாவுக்கு முகம் செத்துவிட்டது. அவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. படிவக் கட்டை அந்த ஊர் மகளிர் குழுவிடம் கொடுத்திருக்கிறாள். அவர்கள் நிரப்பிக் கொடுத்ததை அப்படியே ஏற்றிவிட்டிருக்கிறாள். "அங்க நெட்டு வராதுண்ணா. எனக்குத் தெரியும். ஏன் இப்படி எழுதிக்கிறாங்கன்னுதான் புரியல."

ஆரோக்கியம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: இது வரவில்லையென்றால் மாடியிலிருக்கும் டிஷ்ஷைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, பெங்களூரில் மச்சான் வீட்டுக்குப் போய்விடுவதாக முடிவு. டவுனில் கேபிள் பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கிராமம்தான் மிச்சமிருக்கிற ஒரே வழி. அமலா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். இடது பக்கம் கோட்டை வந்தது. நிறுத்தச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் பின் டயர் காற்று போய், நாங்களே நின்றோம். பஞ்சர் கடை ஒரு மைல். தள்ளிக்கொண்டே போனதில் ராஜகிரியை என் ஆயுசுக்கும் போதுமென்கிற அளவுக்குப் பார்த்தாயிற்று. மேலே ஏறவில்லை. யாரோ பொறுமையாகக் கல்லை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிவிட்டு, பாதியில் சாப்பிடப் போனது போலிருக்கின்றன இந்த மலைகள். எங்கள் கரிசலில் ஒரு கல் வேண்டுமென்றால் லாரி வைத்துக் கொண்டுவர வேண்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் காரணம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. வீடுகளுக்குப் பின்னால் பாறைகள். பாறை மேல் மனிதர்கள். ஒருவர் குடையோடு நிற்கிறார். ஒரு பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கிறாள். கீழே செருப்புகள் ஜோடி ஜோடியாக.

"வாங்கண்ணா, குந்துங்க" என்று ஒரு பெண் பாய் விரித்தாள். பெயர் கவிதா. ஏழு மாதக் கர்ப்பிணி. வீட்டுக்காரன் குவைத்தில் இருக்கிறான். கூட மாமியார். படிவத்தைக் காட்டி, நெட் வருதாம்மா என்று கேட்டேன்.

"வருதுங்கண்ணா. தோ, பாறைல ஏறினா நாலு கோடும் வருது."

அவள் பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் யாருமே பொய் சொல்லவில்லை. கிணற்றுக்குப் போய் எடுத்தால் தண்ணீர் இருக்கிறது என்றுதானே சொல்வோம். பாறையில் ஏறினால் நெட் இருக்கிறது. அவர்களுக்கு அது ஊருக்குள்தான் இருக்கிறது.

பாறைகளுக்குப் பெயரே வைத்திருந்தார்கள். பேங்க்காரன் நம்பர் அனுப்பினால் வந்து சேருவது ஒரு பாறையில்தான். அது பேங்க் பாறை. பள்ளிக்கூட ரிசல்ட் பார்க்கிறது ரிசல்ட் பாறை. மூன்றாவது, கொஞ்சம் தாழ்ந்து படுத்த யானை மாதிரி கிடப்பது குவைத் பாறை. வெளிநாட்டுக்குப் பேசுகிறவர்களுக்கு அதில் முன்னுரிமை. வரிசை உண்டு, சண்டை இல்லை. கவிதாவுக்காக அதன் ஓரத்தில் தட்டைக் கற்களை அடுக்கிப் படி கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் மேலே பேசும்போது மாமியார் கீழே உட்கார்ந்திருப்பார்.

திரும்பி வரும்போது மொபெட்டில் அமலா சொன்னாள். சமையல்கட்டில் கவிதா அவளிடம் தனியாகப் பேசியிருக்கிறாள். பாறை மேல் நின்று பேசினால் ஊருக்கே கேட்கும். கீழே மாமியார் வேறு. "அவர்கிட்ட நான் இன்னாக்கா பேச முடியும்? சாப்டியா, தூங்கினியா. அவரும் அதையேதான் கேக்கறாரு. அஞ்சு மாசமா ரெண்டு பேரும் சாப்டியான்னு மட்டும்தான் கேட்டுக்கறோம்."



அன்று சாயங்காலமே கேள்வியை மாற்றி எழுதினோம். 'உங்கள் வீட்டுக்குள், உட்கார்ந்த இடத்தில், இணையம் கிடைக்கிறதா?' கூடவே ஒவ்வொரு வீட்டிலும் போனை வைத்து வேகம் பார்த்து, படம் எடுத்து இணைக்க வேண்டும். கடைசியில் வார்டு மெம்பர் கையெழுத்து.

புதன்கிழமை முழுக்க வீடு வீடாகப் போனோம். படம் எடுக்கிறோம் என்றதும் எல்லோரும் அரை மணி நேரம் கேட்டார்கள். வீடு பெருக்கினார்கள். மெத்தை விரிப்பு மாற்றினார்கள். ஒரு வீட்டில், போன் தரையில் வேண்டாம், பிரிட்ஜ் மேல் வைத்துப் படம் எடுங்கள், கவர்மெண்ட்டு நம்மை ஒன்றுமில்லாதவங்கன்னு நினைச்சுக்கக் கூடாது என்றார்கள். வைத்தோம். பிரிட்ஜ் மேலும் போன் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. வீட்டுக்கு ஒரு டீ. பதினொன்றாவது டீக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு வீட்டுப் பெண் டம்ளரை நீட்டி, "வந்த ஆளுக்கு டீ குடுக்காத வீட்டுல விளக்கு ஏத்தி என்ன பிரயோஜனம்" என்றாள். அதை மறுக்க எந்த ஊர்க்காரனுக்கும் வாய் வராது.

எல்லோரும் 'இல்லை' என்று எழுதிக்கொடுத்தார்கள். ஆனால் முழுமனதாக அல்ல. தன் ஊரில் ஒன்று இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது யாருக்கும் இனிக்காது. பேனாவை வாங்கும்போது ஒரு தயக்கம். கவிதா மட்டும் முதலிலேயே போட்டுவிட்டாள்.

கடைசியாக வார்டு மெம்பர் விநாயகம் வீடு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். நல்ல மனிதர். அவர் வீட்டு டீயில்தான் சர்க்கரை சரியாக இருந்தது. காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மடித்தார். அமலா கையில் கொடுத்தார். முடியாதும்மா என்றார்.

காரணத்தை அவர் சொல்லவில்லை. அவர் மனைவிதான் உள்ளேயிருந்து சொன்னார். பையன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். திண்டிவனம் பக்கம் பெண் பார்த்து நிச்சயம் வரை வந்திருக்கிறது. பெண் வீட்டில், கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை எங்கே இருப்பார் என்று கேட்டிருக்கிறார்கள். எங்க வீட்டுலயே நெட்டு இருக்குது, இங்கேயிருந்தே வேலை செய்வான் என்று விநாயகம் சொல்லிவிட்டார்.

நான் என் திறமையைக் காட்டினேன். இந்தக் காகிதம் பெண் வீட்டுக்குப் போகாது, ஆபீஸுக்குத்தான் போகும், லைன் வந்துவிட்டால் உங்கள் சொல்லும் உண்மையாகிவிடும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னாங்க. நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. அதையும் என் கையாலயே பொய்யின்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களே சார்."

சொலவடையைச் சேர்க்கிறவனுக்கு அன்று சொலவடையாலேயே வாயடைத்துப் போயிற்று. ஊர்ப் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்பது இப்போது தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை மறுபடி போனோம். எனக்கு நம்பிக்கை இல்லை. அமலாவுக்கும் இல்லை. போகாமல் இருக்க மனசு வராததால் போனோம். விநாயகம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, டிபன் சாப்பிட்டீங்களா என்று கேட்டார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றவர் இட்லி வைக்கச் சொல்லிவிட்டார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கவிதா வந்தாள். இரண்டு தெரு நடந்ததிலேயே மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"மாமா, என் கொழந்த பொறக்கறதுக்குள்ள லைன் வராதாம். அண்ணா சொல்லிட்டாரு. எத்தினியோ மாசம் ஆவுமாம்."

விநாயகம் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். முந்தின நாள் அவள் கேட்டபோது உள்ளதைச் சொல்லியிருந்தேன்.

"இடுப்புல புள்ளய வச்சிக்கினு அந்தப் பாறைல என்னால ஏற முடியாது. எங்க அத்தயாலயும் முடியாது. படம் புடிச்சு யார்கிட்டயாவது குடுத்தனுப்பி, அவங்க ஏறி அனுப்புவாங்க. அது வரைக்கும் சரி. ஆனா அதுக்கு அப்பாலயாவது வரணும் இல்ல?" கொஞ்சம் நிறுத்தினாள். "பொண்ணு வீட்டுக்கு நீங்க சொல்ல வேணாம் மாமா. நம்பர் குடுங்க, நான் பேசறேன். எனக்குத்தான் பாறைல படிகூட கட்டிக் குடுத்துக்கிறீங்களே."

அந்தப் படிக்குக் கல் சுமந்ததில் விநாயகமும் ஒருவர் என்று பிறகு தெரிந்தது.

அவர் மாட்டைக் கட்டினார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். நாங்கள் இட்லித் தட்டோடு எட்டிப் பார்த்தோம். பேங்க் பாறையின் அடியில் செருப்பை விட்டுவிட்டு ஏறிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான் அந்த உயரமான பாறைக்குப் போயிருக்கிறார், யாருக்கும் கேட்கக்கூடாது என்று. ஆனால் கை தெரிந்தது. முதலில் வலது கை சும்மா தொங்கியது. பிறகு துண்டை எடுத்து முகம் துடைத்தது. பிறகு கை பாறையைக் காட்டியது, எதிர்முனையில் இருப்பவர் பார்க்கிற மாதிரி. அப்புறம் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் மனைவி என் பக்கத்தில் நின்று, திட்டுறாங்களோ, திட்டுறாங்களோ என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வெயிலேறிக்கொண்டிருந்தது. பாறையில் குரங்கு ஒன்று அவருக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, நல்ல இடைவெளி விட்டு, கேட்டுக்கொண்டிருந்தது.

இறங்கி வந்தார். கால் கழுவினார். பேனா கேட்டார். எல்லாக் காகிதத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, ஊதிக் காயவைத்தார். எங்களில் யாருக்கும் கேட்கத் தைரியம் இல்லை. அவர் மனைவிதான் கேட்டார், இன்னாதான் சொன்னாங்க என்று.

"சம்பந்தி போனைப் பொண்ணு கிட்ட குடுத்துட்டாரு."

"பொண்ணு இன்னா சொல்லிச்சு?"

"பாற எத்தினி அடி ஒசரம்னு கேட்டுது." முத்திரையை டப்பாவில் வைத்து மூடினார். "சொன்னேன். ஏறிடலாம்னுது."

கவிதா அப்போதுதான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விநாயகம் அவளைக் கோபமாகப் பார்க்க முயன்று, முடியாமல், மாட்டுக்கு மறுபடி தண்ணீர் காட்டப் போய்விட்டார். அது வேண்டாம் என்று தலையை ஆட்டியது.

வெள்ளிக்கிழமை பஜாரில் அமலாவின் மாடியறையில் உட்கார்ந்து ஏற்றினோம். படங்கள் அதிகமென்று கணினி முதலில் வாங்க மறுத்தது. சுருக்கினோம். கரண்ட் போய் வந்தது. ஆரோக்கியம் எங்களுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, தன் வரைபடத்தைக் கண்டிப்பாக முதல் பக்கமாக வைக்கும்படி நாலு முறை சொன்னார். நான் விளக்கக் கடிதத்தில், பாறைகள் மூன்றையும் பெயரோடு எழுதினேன். பெயர் வேண்டுமா அண்ணா, சிரிக்க மாட்டாங்களா என்றாள் அமலா. சிரித்தாலும் சரி, ஒருமுறை படித்துவிட்டால் மறக்கமாட்டார்கள் என்றேன். மனு போய்ச் சேர்ந்த செய்தி திரையில் வந்தபோது மணி நாலரை. அவள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் கும்பிட்டுக்கொண்டேன், எந்தச் சாமியை என்று யோசிக்காமல்.

பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியம் ஒரு பை மல்லாட்டை கொடுத்தார். வெல்லம் பூசி அனுப்புங்க என்றார். திரும்பும்போது தூங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் போனில் கேட்டது. இரண்டு மாதம் கழித்து நேரில் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்திருக்கிறார். வீடு வீடாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். வந்து பார்த்ததற்கு அத்தாட்சியாக அந்த இடத்திலிருந்தே ஒரு படம் அனுப்பவேண்டும் என்பது அவர்கள் விதி. போனைத் தூக்கிப் பிடித்துத் தெருவெல்லாம் நடந்தார். விநாயகம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க சார், வழுக்கும்" என்றாராம். அரசாங்கத்து அதிகாரி பேங்க் பாறையில் ஏறி, இந்த ஊரில் நெட் இல்லை என்ற செய்தியை அனுப்பிவிட்டு இறங்கினார். டீ குடிக்காமல் விடவில்லை.

கவிதாவுக்குப் பெண் குழந்தை. மானியம் கிடைத்தது. ஆரோக்கியம் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்து, எந்தப் புளியமரத்துக்குப் பக்கத்தில் கம்பம் என்று ஊன்றுகோலால் காட்டினார். விநாயகம் வீட்டுக் கல்யாணம் லைனுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. புது மருமகள் பாறையில் ஏறுவதில் ஊரிலேயே கெட்டிக்காரி என்று பெயரெடுத்துவிட்டாளாம்.

போன வாரம் அமலா கூப்பிட்டாள். முதல் கனெக்‌ஷன் கவிதா வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. வேலை முடிந்த அறிக்கையில் நெட்டின் வேகத்தை அளந்து எழுதவேண்டும். மோடத்தை மாட்டிவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒயர் இழுத்துவிட்டு, அளக்கலாம் என்று திரும்பி வந்திருக்கிறாள்.

"அத்த வாசல்ல குந்திக்கிறாங்கண்ணா, மடியில புள்ள. உள்ள கதவு சாத்திக்குது. கவிதா அவர்கிட்ட பேசிக்கினு இருக்குதாம்." அமலாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "தட்டலாம்னு கையத் தூக்கினேன். அப்பறம் தட்டல. டெஸ்ட் பண்ணாமயே வந்துட்டேண்ணா. அந்த இடத்துல இன்னா எழுதறது?"

நாளைக்குப் போய் எழுதிக்கம்மா என்றேன்.